பச்சையில் எழுதிய ‘போகலாம்’

முருகலட்சுமிக்குப் பயம் கூடப்பிறந்த குணம். திருப்புல்லாணிப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். கரண்டுக்குப் பயம், மேலதிகாரிக்குப் பயம். தங்கச்சிமடத்துக்கு அடுத்த ஒரு மீனவர் குப்பத்துப் பள்ளியில் பகுதிநேரக் கணினி ஆசிரியையாக வேலை கிடைத்தபோது கடலும் அந்தப் பட்டியலில் சேர்ந்துகொண்டது. பாம்பன் பாலத்தில் பஸ் ஏறினால் கண்ணை இறுக மூடிக்கொள்வாள்.

அதைவிடப் பெரிய பயம் வகுப்பறைக்குள் இருந்தது. இராமநாதபுரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஆறு மாதம் படித்ததுதான் அவள் கணினிப் படிப்பு. இப்போது எட்டாம் வகுப்புக்குக் கோடிங் நடத்தச் சொன்னார்கள். பிள்ளைகள் ஏதாவது கேட்டால் கை வியர்க்கும்.

போன வருசம் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்வந்தாள். “என்ன செய்யணும்னு பிள்ளைகளே முடிவு பண்ணட்டும். தப்பு வந்தா நீங்க விரலை நீட்டிக் காட்டாதீங்க. அவங்களே தேடிக் கண்டுபிடிச்சாத்தான் அது அவங்க பாடம்” என்றார் பயிற்சி கொடுத்தவர். முருகலட்சுமிக்கு உயிர் வந்தது. தெரியாமல் இருப்பது இனிமேல் குற்றமில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

அது பலித்தது என்றுதான் சொல்ல வேண்டும். எட்டு லேப்டாப்பைச் சுற்றிப் பிள்ளைகள் சண்டை போட்டு, அழித்து, மறுபடி எழுதினார்கள். ஒருத்தன் திரையில் வாய்ப்பாடு கேட்கும் பொம்மை செய்தான். மீனவர் நவ்ஷாத்தின் மகள் யும்னா மட்டும், “எங்க அத்தா கடலுக்குப் போகலாமா வேண்டாமான்னு சொல்ற மாதிரி செய்வேன், டீச்சர்” என்றாள். காற்றின் வேகத்தைத் தட்டினால் போதும். நாற்பதுக்குக் கீழே இருந்தால் பச்சையில் ‘போகலாம்’ என்று வரும், மேலே போனால் சிவப்பில் ‘போகக்கூடாது’ என்று வரும்.

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை யும்னா அதை ஓட்டிக் காட்டினாள். முருகலட்சுமி அன்றைக்கே தப்பைப் பார்த்துவிட்டாள். யும்னா வைத்திருந்த நாற்பது, மணிக்கு நாற்பது கிலோமீட்டர். ஆனால் அவள் எண்ணை எடுத்த வானிலைப் பக்கம் காற்றை ‘நாட்’ கணக்கில் சொல்கிறது. ஒரு நாட் என்றால் மணிக்குக் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர். ஆக, பாதி வேகத்தைத்தான் யும்னாவின் நிரல் பார்க்கிறது.

சொல்ல வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டாள். திங்கட்கிழமை அவளே கண்டுபிடிக்கட்டும், அப்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. பேருக்கு, “யும்னா, எண்ணுக்குப் பக்கத்துல என்ன எழுதியிருக்குன்னு நல்லாப் பாத்தியா?” என்று மட்டும் கேட்டாள். “பாத்தேன் டீச்சர்” என்றாள் அவள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கெல்லாம் காற்று ஏறிவிட்டது. ஜன்னல் கதவுகள் அடித்துக்கொண்டன. யும்னா சிரித்த முகமாக வந்து நின்றாள்.

“டீச்சர், நேத்து அம்மா போன்ல நான் செஞ்சதைத் தொறந்து காட்டினேன். காலையில அத்தா அதைப் பாத்துட்டுத்தான் தென்கடலுக்குப் போயிருக்காக. சதக் மாமாவும் கூடப் போயிருக்காக.”

முருகலட்சுமி லேப்டாப்பில் அந்த வானிலைப் பக்கத்தைத் திறந்தாள்.

“என்ன நம்பர் போட்டே?”

“இருபத்தஞ்சு.”

இப்போது முருகலட்சுமி விரலை நீட்டினாள். “அது கிலோமீட்டர் இல்லம்மா. நாட். ஒரு நாட்னா ஏறக்குறைய ரெண்டு கிலோமீட்டர்.”

யும்னா மனக்கணக்காகவே பெருக்கினாள். கிட்டத்தட்ட ஐம்பது. வாசலை நோக்கி ஓடினாள். தலைமையாசிரியரிடம் ஒரு வரி சொல்லிவிட்டு முருகலட்சுமியும் பின்னாலேயே ஓடினாள்.

கரையில் நிற்க முடியவில்லை, மணல் முகத்தில் அறைந்தது. யும்னாவின் அம்மா லத்தீபா முக்காட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு தென்புறமே பார்த்து நின்றாள். மற்ற பைபர் படகுகள் ஒவ்வொன்றாகக் கரையேறிக்கொண்டிருந்தன. நவ்ஷாத்தின் படகு மட்டும் இல்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. தேடிப் போக ஒரு படகு கிளம்பியது. அது அலையில் மறைந்து மறைந்து எழும்போதெல்லாம் முருகலட்சுமி மூச்சை விட மறந்தாள். தன் வாய் ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால் இவர்கள் இப்போது வீட்டில் இருப்பார்கள். அந்த நினைப்பே திரும்பத் திரும்ப வந்து அடித்தது. யும்னா அவள் கையைப் பிடித்திருந்தாள். அந்தப் பிடிதான் அவளைக் கூசவைத்தது. உண்மை தெரிந்தால் இந்தக் கை விலகிவிடும் என்று பயந்தாள்.

இரண்டு மணிக்கு இரண்டு படகும் தெரிந்தன. நவ்ஷாத்தின் படகைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். இன்ஜின் நின்றுபோயிருந்தது. வலையை அறுத்துவிட்டிருந்தார்கள். சதக்கின் இடது கை முறிந்து தொங்கியது. லத்தீபா தண்ணீருக்குள் இறங்கி ஓடினாள்.

சதக்கை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிய பிறகு முருகலட்சுமி நவ்ஷாத்தின் முன்னால் போய் நின்றாள்.

“அண்ணே, பிள்ளை மேல தப்பில்ல. வெள்ளிக்கிழமையே நான் பாத்துட்டேன். அவளே கண்டுபிடிக்கட்டும்னு சொல்லாம இருந்துட்டேன்.”

நவ்ஷாத் சட்டையைப் பிழிந்துகொண்டே கேட்டார். “தெரிஞ்சே இருந்தீகளா?”

“ஆமாண்ணே.”

“காலையில தெக்க பாத்தப்பவே எனக்குச் சந்தேகந்தேன். மக செஞ்சது பச்சையா வந்துச்சு, மனசு குளுந்து போச்சு, போயிட்டேன்.” அதற்கு மேல் அவர் ஏசவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு நடந்துவிட்டார். ஏசியிருந்தால் தேவலை என்று இருந்தது முருகலட்சுமிக்கு.

மூன்று நாள் யும்னா பள்ளிக்கு வரவில்லை. புகார்ப் பெட்டியில் யாராவது தன் மேல் மனு போட்டிருப்பார்களோ என்று முருகலட்சுமி ஒவ்வொரு காலையும் ஆபீஸ் அறையை எட்டிப் பார்த்தாள். எதுவும் வரவில்லை. அது அவள் பயத்தைக் குறைக்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை யும்னா வந்தாள். நேரே லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் தலை நிமிரவில்லை. பிறகு நிமிர்ந்து, “உங்களுக்கு முன்னாடியே தெரியும்னு அத்தா சொன்னாக. நெசமா டீச்சர்?” என்று கேட்டாள்.

“நெசந்தான்.”

“அப்ப ஏன் சொல்லல?”

பயிற்சியில் கேட்ட வாக்கியமெல்லாம் நாக்கு வரைக்கும் வந்து திரும்பிப் போயின. “நீ கண்டுபிடிச்சு சந்தோசப்படணும்னு நினைச்சேன். இது வெளியே போகும், ஒருத்தர் நம்பிக் கடல்ல இறங்குவாருன்னு நினைக்கல. என் தப்புதான்.”

யும்னா திரையை அவள் பக்கம் திருப்பினாள். ‘நாட்’ கணக்கைக் கிலோமீட்டராக மாற்றும் வரி சேர்ந்திருந்தது. பச்சையும் ‘போகலாம்’ என்ற சொல்லும் எங்கேயும் இல்லை. காற்று குறைவாக இருந்தால், ‘எனக்குத் தெரிஞ்சு அபாயம் இல்ல. கரையில கேட்டுட்டுப் போங்க’ என்று வந்தது.

“இதுல ஏதாச்சும் தப்பு இருக்கா டீச்சர்? இருந்தா இப்பவே சொல்லிருங்க.”

முருகலட்சுமி நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார்கள்.