குனோங் லாங்கில் தற்செயலாகச் சந்தித்தவர்கள்

வாரத்தில் ஐந்து நாள் என் வேனில் பள்ளிப் பிள்ளைகள் ஏறுவார்கள். சனிக்கிழமை நானும் என் வீட்டுக்காரியும் கோயிலைக் கூட்டிக் கழுவி, விளக்குகளைத் துலக்கிக் கொடுப்போம். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்த பிறகுதான் வேன் எங்களுக்குச் சொந்தம். மகளுக்கு அன்று டூட்டி இல்லையென்றால் மூன்று பேராக, இருந்தால் நாங்கள் இருவர் மட்டும், எங்காவது போய்விட்டு வருவோம்.

என் அப்பா சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். ஞாயிறு என்றால் அவர் தூங்குவார், அவ்வளவுதான். சுற்றப் போகிற பழக்கத்தை, வேன் வாங்கிய பிறகு நாங்களாகவே பிடித்துக்கொண்டோம். ஈப்போவில் இருப்பவர்களுக்குப் போக இடமா இல்லை? சீனர்களின் குகைக் கோயிலில் ஆமைகளுக்குக் கங்கோங் கீரை போடலாம். கெல்லி கோட்டையைப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்து மாரியம்மனைக் கும்பிட்டு வரலாம். மழை இல்லாத நாளில் உலு செப்போர் ஆற்றில் காலை நனைத்துக்கொண்டு உட்காரலாம். வீட்டுக்காரி புளிச்சோறு கட்டுவாள், பக்கத்தில் உருளைக்கிழங்குப் பிரட்டல். எங்கே போனாலும் இந்தச் சாப்பாடுதான். இடம்தான் மாறும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் சுற்றிப் பார்க்க நாங்கள் போகவில்லை. மகளின் கல்யாண விசயமாகப் போனோம்.

எங்களுக்கு ஒரே மகள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. பிறந்து எடை குறைவாக இருக்கிற சின்னப் பிள்ளைகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்க்கிற வார்டு. அதில் ராத்திரி டூட்டி மாறி மாறி வரும். பெண் பார்க்க வீட்டுக்கு வந்தவர்கள் காப்பி குடித்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள், பிள்ளை லட்சணமாக இருக்கிறது என்றார்கள். "நைட் டூட்டியெல்லாம் போவுதா?" என்ற கேள்வி வந்ததும் பேச்சு குறைந்துவிடும். "பாக்கலாங்க, பின்னால மாத்திக்கலாம்" என்று நானோ வீட்டுக்காரியோ சொல்லி வைப்போம். மகள் உள்ளே போய்விடுவாள். அவர்களும் போய்விடுவார்கள்.

கடைசியாக ஒரு குடும்பம் அப்படிப் போன அன்று மகள் சொன்னாள், "அப்பா, இனிமே நான் காப்பித் தட்டத் தூக்கிட்டு வர மாட்டேன். ராத்திரி வேலையையும் விட மாட்டேன். அந்தப் பிள்ளைங்களுக்கு ராத்திரி பகல் தெரியுமா? ஒத்துக்குற வீடு இருந்தா சொல்லுங்க. இல்லாட்டி இப்படியே இருக்கேன்."

அவள் அம்மா அன்று முழுக்கச் சாமி மேடையை விட்டு எழுந்திருக்கவில்லை.

இப்போது எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் வந்திருக்கிறது. பெண் வீட்டுக்கு நேராக வருவதற்கு முன்னால் இரண்டு குடும்பமும் ஏதாவது ஒரு பொது இடத்தில் தற்செயலாகச் சந்தித்துக்கொள்வது. நாள், நேரம் எல்லாம் பேசி வைத்ததுதான். ஆனால் எதற்காக வந்தோம் என்று ஒருவரும் வாயைத் திறக்கக்கூடாது. பிடித்திருந்தால் மறுநாள் ஃபோன் வரும். பிடிக்கவில்லையென்றால், பார்க்கில் யாரோ நாலு பேரோடு பேசினோம், அவ்வளவுதான். யாருக்கும் மனக்கசப்பு இல்லை.

கோயிலில் மாலை கட்டும் அக்கா ஒருவர் இப்படி ஒரு வரன் கொண்டுவந்தார். "சுங்கை சிப்புட்காரங்க. அப்பா, அம்மா, ஒரே பையன். கண்ணாடி போட்டு உயரமா இருப்பான். ஃபேக்டரியில மிசின் பாக்குற வேலை. ஞாயித்துக்கெழமை பத்து மணிக்குக் குனோங் லாங் பார்க்குக்கு வருவாங்க" என்றார்.

"நீங்களும் வாங்கக்கா" என்றாள் வீட்டுக்காரி.

"நான் வந்தா அப்புறம் என்னா தற்செயலு? ஒங்க பிள்ளை படத்த அவங்களுக்குக் குடுத்திருக்கேன். கண்டுபிடிச்சு வந்துருவாங்க."

மாப்பிள்ளையின் படம் என்று எங்களுக்கு வந்தது, யாரோ ஒருவர் கல்யாணத்தில் கும்பலாக நின்று எடுத்தது. பின்வரிசையில் முக்கால் முகம் தெரிந்தது.

அன்று காலைப் பூசையில் மகள் பேருக்கு அர்ச்சனை செய்துவிட்டுக் கிளம்பினோம். வீட்டுக்காரி பட்டுச்சேலை கட்டியிருந்தாள்.

"பார்க்குக்குப் பட்டாம்மா?" என்று மகள் சிரித்தாள். "நல்லாத் தற்செயலா வந்த மாதிரிதான் இருக்கு."

"நீ வாய மூடிக்கிட்டு வா. ஃபோனெல்லாம் வேன்லயே வைங்க ரெண்டு பேரும். பெரியவங்க முன்னால அதத் தடவிக்கிட்டு ஒக்காந்தா என்னா நெனப்பாங்க?"

போய் இறங்கியதும் மூன்று பேரின் ஃபோனையும் வாங்கி வேனிலேயே வைத்துப் பூட்டினாள்.

குனோங் லாங்கில் ஏரியைப் படகில் கடந்துதான் பூங்காவுக்குப் போக வேண்டும். அக்கரையில் கூரை போட்ட பெஞ்சுகள் இருக்கும். எதிரே நீளமாகக் கல்மலை. படகிலிருந்து இறங்கும் ஆட்கள் எல்லாரும் கண்ணில் படுகிற மாதிரி ஒரு பெஞ்சைப் பிடித்து உட்கார்ந்தோம்.

பத்து மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் வந்த படகில் ஒரு குடும்பம் இறங்கியது. அப்பா, அம்மா, கண்ணாடி போட்ட உயரமான பையன். வீட்டுக்காரி என் தொடையைக் கிள்ளினாள். அந்த அம்மா நாலு பக்கமும் பார்த்துவிட்டு நேரே எங்களிடம் வந்தார்.

"இங்க ஒக்காரலாங்களா? எல்லா எடத்துலயும் ஆளு."

"ஒக்காருங்க, ஒக்காருங்க! ஒங்களுக்காகத்தானே" என்று வீட்டுக்காரி ஆரம்பிக்க, நான் அவள் காலை மிதித்தேன். "காத்து நல்லா வருது இந்தப் பக்கம்" என்று முடித்தாள்.

"எங்கருந்து வாறீங்க?" என்று நான் கேட்டேன்.

"சுங்கை சிப்புட்" என்றார் பெரியவர்.

"தம்பிக்கு என்னா வேலை?"

"ஃபேக்டரியில டெக்னீசியன், அங்கிள்" என்றான் பையன். மரியாதையான பிள்ளை. என் முதுகுக்குப் பின்னால் சாய இடம் இருக்கட்டும் என்று தன் பையைத் தள்ளி வைத்தான்.

எல்லாம் சரியாக இருந்தது. ஒன்றே ஒன்றுதான் என் மனத்தில் இடித்தது. அந்த அம்மா பையைத் திறந்து பொரித்த கோழியை எடுத்து வைத்தார். நல்ல காரியத்துக்கு வருகிறவர்கள் கோழியோடா வருவார்கள்? வீட்டுக்காரியைப் பார்த்தேன். இந்தக் காலத்தில் யார் அதையெல்லாம் பார்க்கிறார்கள் என்பது போல் கண்ணைக் காட்டினாள். எங்கள் புளிச்சோறு அந்தப் பக்கம் போனது. அவர்கள் கொண்டுவந்த மீகூன் சேமியா இந்தப் பக்கம் வந்தது. கோழியை மட்டும் நாங்கள் தொடவில்லை.

"பிள்ளை என்னா பண்ணுது?" என்று அந்த அம்மா மகளைப் பார்த்துக் கேட்டார்.

"நர்சுங்க ஆண்டி."

"அப்ப நைட் டூட்டியெல்லாம் இருக்குமே?"

நான் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தேன். மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே, "இருக்கு ஆண்டி. விட முடியாத வேலை" என்றாள்.

"ஏன் விடணும்? இருந்தா இருந்துட்டுப் போவுது!" என்றார் அந்த அம்மா, எலும்பை ஓரமாக வைத்துக்கொண்டே. "வீட்டுல மத்தவங்க எதுக்கு இருக்கோம்? ராத்திரி வேல பாத்துட்டு வர்ற பிள்ளைய காலைல எழுப்பக்கூடாது. நான் அந்த ரூம்பு பக்கமே யாரையும் போக விட மாட்டேன்."

"சமையலு நாந்தான்" என்றார் பெரியவர். "எங்க வீட்டுல என் ரசத்துக்குத்தான் டிமாண்டு."

வீட்டுக்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மகள் நிமிர்ந்து அந்த அம்மாவைப் பார்த்த பார்வையை நான் அதுவரை பார்த்ததில்லை. எதிரே இருந்த மலையைப் பார்த்து மனத்துக்குள் கும்பிட்டேன். முருகா, காலையில் செய்த அர்ச்சனைக்கு மத்தியானத்துக்குள்ளேயே பதில் சொல்லிவிட்டாயே என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது "அப்பா!" என்று கத்திக்கொண்டு ஒரு சின்னப் பிள்ளை ஓடிவந்து அந்தப் பையனின் மடியில் ஏறியது. பின்னாலேயே ஒரு பெண் பால் போத்தலோடு வந்தாள். அடுத்த படகில் வந்திருப்பாள் போலிருக்கிறது.

"இது யாரு?" என்றாள் வீட்டுக்காரி.

"என் மருமக. இது பேரன். பிள்ளைக்கு டைப்பர் மாத்திட்டு வாரேன்னு அந்தக் கரையில நின்னுட்டா. நான் சொன்னேனே, காலைல எழுப்பக்கூடாதுன்னு, இவதான். அதே ஃபேக்டரிதான், இவளுக்கு நைட் சிஃப்ட்டு."

வீட்டுக்காரி பட்டுச்சேலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். தோள் குலுங்கியது. பார்த்தால் சிரிப்பு.

"மன்னிச்சிருங்க ஆண்டி" என்றாள் ஒருவழியாக. "எனக்கு மாப்பிள்ளை பாக்க வந்தோம். அவங்களும் சுங்கை சிப்புட். நீங்கதான் அவங்கன்னு நெனச்சுட்டோம்."

"அலாமாக்!" என்று அந்த அம்மா தலையில் கை வைத்தார். பெரியவருக்குச் சிரித்துப் புரை ஏறியது. அந்த மருமகள் புருசனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நல்லாப் பாத்துட்டீங்களாக்கா? வேணும்னா கூட்டிட்டுப் போங்க. கொறட்ட வேற விடுவாரு" என்றாள். பையன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பிள்ளையின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான்.

எதற்கு வந்தோம் என்று சொல்லக்கூடாது என்பது வழக்கம். அதனால் நாங்கள் கேட்கவில்லை. சொல்ல ஒன்றும் இல்லாததால் அவர்களும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முதலிலேயே தெரிந்திருக்கும்.

நாங்கள் சிரித்து முடிக்கவில்லை, பக்கத்தில் மூன்று பேர் வந்து நின்றார்கள். அப்பா, அம்மா, கண்ணாடி போட்ட உயரமான பையன்.

"நாங்க வந்து அப்பவே நிக்கிறோம்" என்றார் புதிதாக வந்த அம்மா. "சாப்பாடு, சிரிப்பெல்லாம் பலமா இருந்துச்சு. ஒரே நாள்ல ரெண்டு மாப்பிள்ளை பாத்துக்கிட்டிருக்கீங்களோன்னு நெனச்சோம்."

அவர்கள் வந்த காடி வழியில் செம்மோரில் எஞ்சின் சூடாகி நின்றுவிட்டதாம். மாலை கட்டும் அக்கா எங்களுக்கு நாலைந்து தடவை ஃபோன் அடித்தாராம். ஃபோன்கள் அக்கரையில் வேனுக்குள் இருந்தன. நான் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். வந்தவர்களில் அப்பா கொஞ்சம் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. முதல் குடும்பம் நிலைமையைப் புரிந்துகொண்டு, பிள்ளைக்கு மீன் காட்டுவதாகச் சொல்லி எழுந்து போனது.

மூடி மறைக்க இனி ஒன்றும் இல்லாததால் புதிதாக வந்த அம்மா நேராகவே பேசினார்.

"பிள்ளையப் படத்துல பாத்ததுமே எனக்குப் புடிச்சிருச்சு. ஒரு விசயந்தான். இந்த ராத்திரி வேலய கல்யாணத்துக்கப்புறம் கிளினிக்கு மாதிரி பகல்ல மாத்திக்கலாம்லா? எனக்கு இனிமே ஒடம்பு முடியாது. அந்தி நேரத்துல வீட்டுல வெளக்கு வைக்க ஆளு வேணும்."

அவர் கேட்டதில் குற்றம் இல்லை. அவர் கவலை அவருக்கு. மகள் என்னைத்தான் பார்த்தாள். வீட்டுக்காரியின் வாயில் "பாக்கலாங்க" வந்து நிற்பது எனக்குத் தெரிந்தது. என் வாயிலும் அதுதான் இருந்தது.

ஆனால் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அதே பெஞ்சில் ஒரு அம்மா, ஏன் விடணும் என்று கேட்டுக்கொண்டே சாப்பிட்டார். அப்படி ஒரு வீடு உலகத்தில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். தெரிந்த பிறகு மாற்றிச் சொல்ல நாக்கு வரவில்லை.

"மாத்த முடியாதுங்கம்மா" என்றேன். "அந்த வேலைதான் அவளுக்குப் புடிச்சது. பின்னாலயும் மாத்தச் சொல்லி நாங்க சொல்ல மாட்டோம். இப்பவே சொல்லிட்டா ஒங்களுக்கும் நல்லது."

அந்தப் பையன் அம்மாவைப் பார்த்தான், பிறகு ஏரியைப் பார்த்தான். "சரிங்க, வீட்டுல பேசிக்கிட்டுச் சொல்றோம்" என்றார் அவன் அப்பா. கௌரவமான மனிதர். புளிச்சோறு வேண்டுமா என்று வீட்டுக்காரி கேட்டாள். வேண்டாம் என்றார்கள். திரும்பும்போது ஒரே படகில்தான் வர வேண்டியிருந்தது. ஏரியில் கெண்டை மீன் உண்டா, காடிக்கு எந்தப் பட்டறை நல்லது என்று பேசிக்கொண்டே கரை வந்து சேர்ந்தோம்.

அன்று மகளுக்கு ராத்திரி டூட்டி. சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டேன். இறங்கியவள் கதவைச் சாத்தாமல் கொஞ்சம் நின்றாள்.

"தேங்க்ஸ்பா" என்றாள். பிறகு, "அடுத்த ஞாயிறு எனக்கு லீவு. எங்கயாவது போலாம். யாரையும் பாக்க இல்ல, சும்மா" என்றாள்.

வீடு வந்ததும் வீட்டுக்காரி நேரே சாமி மேடைக்குப் போனாள். சாமிக்கு விளக்கேற்றிவிட்டு வந்து, "நீங்க சொன்னது சரிதான். ஆனா மெதுவாச் சொல்லியிருக்கலாம்" என்றாள்.

மறுநாள் அக்கா ஃபோன் செய்தார். "அவங்க வேற எடம் பாக்குறாங்களாம் அண்ணே. ஏன் அண்ணே, மொத நாளே இப்படியா பட்டுன்னு சொல்லுவாங்க?"

"அக்கா, இனிமே வர்றவங்கக்கிட்ட நீங்களே மொதல்ல சொல்லிருங்க. மகளுக்கு ராத்திரி வேலை உண்டு, அது மாறாது."

"அப்படிச் சொன்னா எந்த வீட்டுல ஒத்துக்குவாங்க?"

"ஒத்துக்குற வீடு இருக்குக்கா. நேத்து நாங்க அவங்ககூட ஒக்காந்து சாப்பிட்டோம்."

"அந்தக் கதையெல்லாம் கேள்விப்பட்டேன். அங்கதான் மாப்பிள்ளை இல்லையே!"

"அதே மாதிரி இன்னொரு வீடு இருக்கும்லா. தேடுங்க" என்றேன்.

அக்கா நோட்டைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, தைப்பிங் பக்கம் ஒரு குடும்பம் இருக்கிறது, அந்தப் பையனே ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவன்தான், கேட்டுப் பார்க்கிறேன் என்றார்.