பூனை முடிந்த பிறகு

எல்லாரும் ஏதோ ஒன்றைச் சேர்த்து வைத்த காலம் அது. அரிசி சேர்த்தார்கள், மண்ணெண்ணெய் சேர்த்தார்கள், சவர்க்காரம் சேர்த்தார்கள். அவர்கள் புத்திசாலிகள். நான் கார்ட்டூன் சேர்த்தேன்.

மருதனார்மடத்துக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கிளாக்கர். வயது முப்பது தாண்டி, கலியாணமும் முடிந்திருந்தது. பின்னேரம் வேலை முடிந்து வந்தால் தேத்தண்ணிக்கு முதல் வீடியோ டெக்கைத்தான் தேடுவேன். "தலை நரைக்கத் தொடங்கியிட்டுது. மனுசன் இன்னும் எலிக்குக் கை தட்டுறார்" என்று மனைவி பக்கத்து வேலியோடு கதைப்பது எனக்குக் கேட்கும். எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் அவ கதைப்பா.

கசெற்றுகள் குருநகரில் இருந்து வந்தன. அங்கே என் கூட்டாளி ஒருவன் வீடியோக் கடை வைத்திருந்தான். படம் வாடகைக்குக் கொடுப்பான். கலியாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு எல்லாம் கமராவில் எடுத்து வெளிநாட்டில் இருக்கிற சொந்தங்களுக்கு அனுப்பக் கொப்பி அடிப்பான். புதுக் கசெற் கிடைப்பது கஷ்டம் என்பதால், பழையதில்தான் எனக்குப் பூனைகளை ஏற்றித் தருவான்.

அவற்றின் இங்கிலிஷ் தலைப்புகள் எனக்கு நினைவில் நிற்காது. அதனால் உள்ளே என்ன நடக்கிறதோ அதையே முதுகில் எழுதி ஒட்டினேன். "நாய்க்கு நல்ல அடி." "வாத்து வெடி வைக்குது." "பூனைக்குக் குண்டு." கார்ட்டூன் என்றால் குண்டு இல்லாமல் இருக்குமா? பூனை கறுத்த உருண்டைக் குண்டைக் கையில் ஏந்திக்கொண்டு முழிக்கும். வெடிக்கும். கரியாகும். அடுத்த காட்சியில் மினுங்கிக்கொண்டு வரும். வெளியில் வெடித்ததில் ஒருவரும் அப்படித் திரும்பி வராததால்தான் பார்த்தேன் என்று இப்போது பெரிய தத்துவம் சொல்லலாம். பொய். சிரிப்பு வந்தது, பார்த்தேன்.

ஒருநாள் "பூனைக்குக் குண்டு" ஓடிக்கொண்டிருக்கக் கதிரையிலேயே நித்திரையாகிவிட்டேன். பெண்கள் குழறுகிற சத்தத்தில் திடுக்கிட்டு எழும்பினேன். ஒழுங்கையில்தான் ஏதோ நடந்துவிட்டது என்று யன்னலுக்கு ஓடினால், ஒழுங்கை வெறிச்சென்று கிடக்கிறது. சத்தம் ரிவியில் இருந்து வந்தது. பூனை முடிந்த பிறகு ஒரு செத்தவீடு ஓடியது. வெள்ளை கட்டிய வீடு. பெட்டிக்குள் ஒரு பொடியன். பெட்டியின் நாலு மூலையிலும் துவக்குப் பிடித்த இயக்கப் பொடியள்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு குருநகருக்குப் பறந்தேன்.

"உது ஆற்றை செத்தவீடடா?"

"எனக்கு எப்பிடித் தெரியும் மச்சான்? ஒரு பை பழைய கசெற் வந்தது. அதிலை ஒண்டுக்கு மேலை உனக்குப் பூனை அடிச்சன்."

"மிச்சம் அப்பிடியே கிடக்கு!"

"உன்ரை பூனைப் படம் கட்டையாப் போனதுக்கு நான் என்ன செய்ய?" என்று சிரித்தவன், கடை வாசலை ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "றெக்கோட் பட்டனை அமத்திவிடு, எல்லாம் கறுப்பாப் போயிடும். கெதியாச் செய். ஆமி கண்டால் உன்னையும் தூக்கும், என்னையும் தூக்கும்."

இந்தியாவில் இருந்து வந்த ஆமி சந்திக்குச் சந்தி நின்ற காலம். செய்யத்தான் நினைத்தேன். ஒருநாள் கரண்ட் இல்லை. ஒருநாள் தலையிடி. கரண்டும் இருந்து தலையிடியும் இல்லாத நாளில், பட்டனில் வைத்த விரல் ஏனோ அமத்த மாட்டேன் என்றது. அலுமாரியில் திரும்ப வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு காலமை, சந்திப் பக்கம் ஒரு நாய் குரைத்தது. பிறகு அதற்கு இங்காலே ஒன்று. பிறகு எங்கள் ஒழுங்கை முகப்பில் ஒன்று. ஆமி எந்த வீட்டடிக்கு வந்துவிட்டது என்று நாய்கள் குரைத்துச் சொல்லுகிற ஊர் எங்களுடையது.

"சுற்றிவளைப்பு" என்றா மனைவி. குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. நடுக்கம் முழுவதையும் நான் எடுத்துக்கொண்டேன். ஓடிப்போய் கசெற்றுகளில் இருந்த பெயர்களைப் பிய்க்கத் தொடங்கினேன்.

"என்ன செய்யிறியள்?"

"குண்டு, வெடி எண்டெல்லாம் எழுதி வச்சிருக்கிறன். வாசிச்சால் என்ரை கதி?"

"பேரில்லாத கசெற்றைக் கண்டால் இன்னும் மோசம். பொடியளின்ரை சண்டைப் படமெல்லாம் பேரில்லாமல்தானே சுத்தித் திரியுது. விடுங்கோ."

பிய்த்ததைத் துப்பல் தொட்டுத் திரும்ப ஒட்டினேன். அந்த அவசரத்தில் வாத்து நாயாகியது, நாய் வாத்தாகியது. "பூனைக்குக் குண்டு" மட்டும் பிசகாமல் தன் இடத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அதை எடுத்து ஒளிக்க நினைக்கும்போதே படலை திறந்தது.

ஒருவன் படலையடியில் நின்றுகொண்டான். மற்றவன் உள்ளே வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும்.

"வணக்கங்க. பயப்படாதீங்க. சும்மா பாத்துட்டுப் போயிடுவோம்."

தமிழ்நாட்டுப் பிள்ளை! எனக்கு உயிர் வந்தது. அடுத்த கணமே போனது. தமிழ் கதைக்கிறவனுக்குத் தமிழ் வாசிக்கவும் தெரியும்.

அலுமாரியைத் திறந்து ஒவ்வொன்றாய் வாசித்தான். "வாத்து வெடி வைக்குது... யாருங்க இந்த வாத்து?"

"வாத்துத்தான் சேர். உண்மையான வாத்து. ஆனால் இப்ப அது நாய் சேர்."

என்னை மேலும் கீழும் பார்த்தான். சும்மா நாளில் ஊரையே சிரிக்க வைக்கிற என் வாய், அன்றைக்கு எனக்கே குழி வெட்டிக்கொண்டிருந்தது.

"கார்ட்டூன், தம்பி" என்றா மனைவி. "சின்னப்பிள்ளையள் பாக்கிறது. எங்கடை வீட்டிலை சின்னப்பிள்ளை இவர்தான்."

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே ஒன்றை உருவினான். "இதப் போடுங்க, பாப்போம்."

"பூனைக்குக் குண்டு."

நாள்தோறும் சொல்லாமல் கொள்ளாமல் போகிற கரண்ட் அன்றைக்குப் போகவில்லை. பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தேன், ஒன்று, பிறகு பத்து. பல்ப் கண் சிமிட்டாமல் எரிந்தது.

அவன் கதிரை நுனியில் இருந்து, துவக்கை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு பார்த்தான். பூனை குண்டை விழுங்கியதும் வாய்விட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். என்னுடைய சிரிப்பு எனக்கே ஆட்டுக்கடா கத்துவதுபோலக் கேட்டது. பூனையின் வால் பற்றுகிறது, எலி ஓட்டைக்குள் பாய்கிறது. எலி பாய்ந்தால் படம் முடியப்போகிறது என்று எனக்குத் தெரியும். வாழ்க்கையில் முதல்தரம் எலியைப் பார்த்து, "பாயாதை, கொஞ்சம் நில்" என்று மன்றாடினேன். பாய்ந்தது.

"முடிஞ்சுது சேர்!" என்று எழும்பினேன்.

"இருங்க. ஏதோ வருதே."

திரையில் வெள்ளைப் பூச்சி பறந்தது. பிறகு வெள்ளை கட்டிய வீடு, முற்றம் நிறையச் சனம்.

"எங்கடை கலியாணவீடு" என்றா மனைவி.

நான் அவவைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பேன். எங்கள் ஊரில் கலியாணத்துக்கும் வெள்ளை கட்டுவோம், சாவுக்கும் கட்டுவோம். வெளியூரான் எப்படிப் பிரித்தறிவான்?

அவன் திரையை உற்றுப் பார்த்தான். "கல்யாணத்துக்கு ஏங்க பொம்பளைங்க இப்படி அழறாங்க?"

"பொம்பிளையை அனுப்பேக்கை அழுவினம்தானே தம்பி. உங்கடை ஊரிலை அழமாட்டினமோ?"

கமரா மெல்ல மெல்ல வீட்டு வாசலுக்குள் நுழைந்தது. அடுத்தது பெட்டி. என் கை தானாகப் போய் டெக்கை நிற்பாட்டியது. "அங்காலை வெக்கம் சேர்" என்றேன். என்ன அர்த்தத்தில் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவன் சிரிக்கவில்லை. சுவரில் எங்கள் கலியாணப் படம் தொங்கியது. அதைப் பார்த்தான். கறுத்துக் கிடந்த ரிவியைப் பார்த்தான். துவக்கை எடுத்துக்கொண்டு எழும்பினான்.

"சாயங்காலம் வரேன். உங்க கல்யாணத்த முழுசாப் பாக்கணும்" என்றான்.

அவன் போன பிறகு நான் அங்கும் இங்கும் ஓடினேன். கசெற்றை எரிப்போம் என்றேன், கிணற்றில் போடுவோம் என்றேன், குருநகருக்கு ஓடுவோம் என்றேன்.

"வந்து கேக்கேக்கை கசெற் இல்லையெண்டால் எங்களைக் கொண்டுபோவான்" என்றா மனைவி. "அழியுங்கோ. டெக் பழுதாக்கிப்போட்டுது எண்டு சொல்லுவம்."

பதிவு அழியாதிருக்கக் கசெற்றின் முதுகில் இருக்கும் சின்னத் தகட்டைக் கூட்டாளி உடைத்துவிட்டு, எனக்குச் சொல்ல மறந்திருந்தான். காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்ரரை வெட்டி அந்த ஓட்டையை மூடினேன். அவசரத்தில் முதல் துண்டு விரலில் ஒட்டிக்கொண்டது. பூனை முடிகிற இடத்துக்குக் கொண்டுவந்து, பட்டனில் விரல் வைத்தேன்.

"பொறுங்கோ."

"என்னத்துக்கு?"

"எடுத்தாப் பிறகு அமத்துங்கோ."

"உமக்கென்ன விசரே? அவன் வந்திடுவான்!"

"பிரேதம் எடுக்க முதல் செத்தவீட்டாலை எழும்பி வாறவையோ? பாத்திட்டம். இனி நிண்டுதான் போகவேணும்."

அவ எழும்பி நின்றா. சத்தத்தைக் குறைத்துவிட்டு நானும் நின்றேன். வெயில் யன்னலால் இறங்கிக்கொண்டிருந்தது. ஒழுங்கையில் சைக்கிள் போனாலும் யன்னலால் எட்டிப் பார்த்தேன். திரையில் ஒரு தாய் அந்தப் பொடியனின் சேட்டுக் கொலரை நேராக்கினா. நேராய்த்தான் இருந்தது. திரும்பவும் நேராக்கினா. எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளையோ என்று கிட்டப் போய்ப் பார்த்தேன். தெரியவில்லை. மூடி போட்டார்கள். தூக்கினார்கள். பெண்கள் படலைவரை வந்து, அதற்கு மேல் போகக் கூடாததால் அங்கேயே விழுந்து குழறினார்கள். பெட்டி ஒழுங்கை முடக்கில் திரும்பியது.

"இனிச் சரி" என்றா.

திரும்பப் பின்னுக்குச் சுற்றி, பட்டனை அமத்தினேன். இந்தமுறை விரல் மறுக்கவில்லை. அந்தத் தாய் இருந்த இடம், முற்றம், படலை எல்லாவற்றுக்கும் மேலால் கறுப்பு போய் முடியும்வரை இரண்டு பேரும் ரிவிக்கு முன்னால் இருந்தோம்.

மனைவி எழும்பிக் கிணற்றடிக்குப் போனா. வாளி விழுகிற சத்தம் கேட்டது. "இஞ்சாருங்கோ, நீங்களும் வந்து முழுகுங்கோ. முழுகாமல் குசினிக்குள்ளை வராதையுங்கோ." நான் பகிடி ஒன்றும் விடாமல் போய், அவ அள்ளித் தந்த தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டேன்.

பொழுதுபடுகிற நேரம் நாய்கள் குரைத்தன. டெக்கைப் போட்டு, கதிரையை இழுத்து வைத்து, "டெக் பழுதாக்கிப்போட்டுது சேர்" என்று வாய்க்குள் பாடமாக்கிக்கொண்டு விறாந்தையில் நின்றேன். ஆமி வரிசையாய் ஒழுங்கையால் வந்தது. நடுவில் அவன். எங்கள் படலையடிக்கு வந்தபோது தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தான். தலையைத் திருப்பாமல் போய்விட்டான்.

"தப்பியிட்டம்!" என்று குதித்தேன்.

மனைவி நனைந்த தலையை விரித்துவிட்டபடி, ஆளில்லாத ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றா.