முப்பதாவது பிள்ளை

மே மாதம் பத்தாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது இருபது. வெளியே ஆறு பாகை. குளிர் போய்விட்டது என்கிறார்கள், எனக்கு நம்பிக்கையில்லை. கனடாவின் ரூஜ் பகுதியிலுள்ள வீட்டில் மகள் உடுப்புத் தோய்க்கும் மெஷினை நிரப்பிக்கொண்டிருந்தாள். தை மாதம் காலமான என் மனைவியின் சுவெட்டர் கதவுக்குப் பின்னால் தொங்கியது. அதையும் எடுத்தாள்.

"உந்தச் சுவெட்டரை விடு, பிள்ளை."

"நாலு மாசமாத் தொங்குது, அப்பா. ஊத்தை."

"தொங்கட்டும்."

ஏன் என்று கேட்டாள். சொல்வதென்றால் ஒரு சட்டையிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்போது எனக்கு எட்டு வயது. சுதந்திர இலங்கை என்னைவிட ஐந்து வயது இளையது. புது அரசாங்கம் வன்னிக் காட்டைத் துண்டாக்கி, வெட்டித் துப்புரவாக்குகிறவர்களுக்குக் கொடுத்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு முழ நிலத்துக்கு வேலிச்சண்டை பிடித்த எங்கள் ஆட்களுக்கு ஏக்கர் கணக்கில் காணி கிடைத்தது. சண்டை பிடிக்கத்தான் அயலில் ஆளில்லை.

நெல் விளைந்தது. ஒரு கடை வந்தது. பள்ளிக்கூடம் மட்டும் வரவில்லை. முப்பது பிள்ளைகள் இருந்தால் வாத்தியாரை அனுப்புவோம் என்றார்கள். எல்லாரும் சேர்ந்து முப்பது பெயர் எழுதி அனுப்பினார்கள். எண்ணிப் பார்க்க அதிகாரி வருவதற்கு எட்டு மாதமானது. அதற்குள் காட்டுக் காய்ச்சலில் ஒருவன் ஏழு வயதில் செத்துப்போனான். சின்னம்மாவின் ஒரே மகன். என்னிலும் பத்து நாள் மூத்தவன்.

வழி கண்டுபிடித்தவர் அம்மாவின் தம்பி, என் மாமா.

"ஒண்டுதானே குறையுது, அக்கா. இவனை ரெண்டு வீட்டிலை காட்டுவம்."

"செத்த பிள்ளையின்ரை பேரை உயிரோடை இருக்கிற பிள்ளைக்கு வைக்கிறதோ? உனக்கென்ன விசரே?"

"வாத்தியார் வராட்டி பாதிச் சனம் ஊருக்குத் திரும்பிப் போயிடும். பிறகு இஞ்சை யானைக்குத்தான் பள்ளிக்கூடம் கட்டவேணும்."

"பள்ளிக்கூடம் எப்ப வருமெண்டு அவனும் கேட்டுக்கொண்டுதான் கிடந்தவன்" என்றா சின்னம்மா. அதோடு அம்மாவும் அடங்கிவிட்டா.

அதிகாரி எங்கள் கொட்டில் வீட்டில் என்னை எண்ணிவிட்டு அடுத்ததற்குப் போனதும், நான் வாய்க்கால் கரையால் ஓடிக் கடைசிக் கொட்டிலுக்குப் போனேன். சின்னம்மா அவனுடைய சட்டையை எனக்குப் போட்டுவிட்டா. அது வியர்வை மணத்தது, கழுத்துப்பட்டியில் ஊத்தை. இத்தனை மாதமாகத் தோய்க்கவில்லையே, சின்னம்மா சரியான சோம்பேறி என்று நினைத்தேன். பொத்தான்களையும் மிக மெதுவாகத்தான் பூட்டினா.

அதிகாரி பெயர் கேட்டார். அவன் பெயரைச் சொன்னேன். வயது கேட்டார்.

"எட்டு."

"ஏழு, ஐயா" என்றா சின்னம்மா.

பத்து நாள் மூத்தவன் எப்படி ஏழாவான்? சின்னம்மாவுக்குக் கணக்கு வராது என்று திருத்த வாயெடுத்தேன். அதிகாரியோடு கூட வந்த மாமா என் காலை மிதித்தார். அதிகாரி எங்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "முப்பது" என்றார்.

தோஷம் கழியட்டும் என்று அம்மா என்னை மஞ்சள் பூசி வாய்க்காலில் முழுக்காட்டினா. கடைக்கு அனுப்பிப் புதுச் சவர்க்காரம் வாங்குவித்து, அந்தச் சட்டையைக் கல்லில் அடித்துத் தோய்த்தா. காய்ந்ததும் மடித்து என்னிடமே கொடுத்தனுப்பினா.

சின்னம்மா அதை வாங்கி முகத்தோடு வைத்தா. திருப்பி மற்றப் பக்கத்தையும் வைத்துப் பார்த்தா. பிறகு மடியில் விட்டா.

"கொம்மா தோய்ச்சுப்போட்டாவோ?"

"ஓம்! புதுச் சவர்க்காரம்" என்றேன் பெருமையாக.

சின்னம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டா. தோள் மட்டும் குலுங்கியது.

அடுத்த மாதம் வாத்தியார் வந்தார். எங்கள் குடியேற்றம் கலையவில்லை, வளர்ந்தது. நான் அங்கேதான் பெருக்கல் படித்தேன். ஆனால் அன்று சட்டையைக் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்த வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. கழுத்துப்பட்டியில் ஒரு பொட்டு ஊத்தைகூட இல்லை. பிறகேன் அழுகிறா? சவர்க்காரமும் மலிவானதல்ல, வாங்கியவன் நான்: பதினைந்து சதம்.