பஞ்சைப் பார்த்த கண்

நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நெல் மூட்டை சுமந்து, களுவாஞ்சிக்குடியில் இரண்டு அரிசி ஆலை சொந்தமாகப் போட்டவனும் நான்தான். என் கைக்கு அடங்காத இயந்திரம் இந்தப் பக்கத்தில் கிடையாது. அப்படிப்பட்டவனை ஒரு நாயின் கண் கொழும்பு வரை இழுத்துக்கொண்டு போனது.

அது கல்லடி என்ற கடலோர ஊரின் நாய். என் மனைவியின் தங்கை வளர்த்த குட்டி. சுனாமி அந்த வீட்டை அத்திவாரம் வரை துடைத்து, தங்கையையும் கொண்டுபோனது. நாங்கள் போய் நின்றபோது, முறிந்த தென்னைக்குப் பின்னாலிருந்து குட்டி வந்து மனைவியின் முகத்தையே பார்த்தது. பிறகு வாலாட்டிக்கொண்டு காலில் ஏறியது. அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே முகம்.

"என்னைப் பாக்கல்ல இது. அவளைப் பாக்குது" என்றாள்.

அன்றிலிருந்து அதற்குச் சோறு வைத்துவிட்டு எதிரே குந்தியிருப்பாள், தன் முகத்தைக் காட்டிக்கொண்டு.

யுத்தம் முடிந்த வருசம் அதன் இடது கண் சிவந்து, நீலம் பாய்ந்து, பெருத்தது. சுனாமித் தண்ணீர் உள்ளே நிற்கிறதென்று ஊரே சொன்னது. எங்கள் பக்கத்தில் அப்போது இருமினாலும் சொறிந்தாலும் அந்தக் கறுப்புத் தண்ணீர்தான் காரணம். மனைவியும் நம்பி, உப்பை எடுக்க இளநீரால் கழுவிக் கழுவிப் பார்த்தாள். கண் இருண்டதுதான் மிச்சம். வலியில் நாய் தலையைச் சுவரில் அழுத்திக்கொண்டு நிற்கும். வலது கண்ணும் சிவக்கத் தொடங்கியதும், எங்கள் மிருக வைத்தியர் கொழும்பில் லேசர் மெசின் வைத்திருக்கும் ஒரு டொக்டரிடம் போகச் சொன்னார்.

எங்கள் வான் வண்டியை நானே ஓட்டினேன். சோதனைச் சாவடியில் எங்களை இறக்கினார்கள். நாய்க்குக் கண் ஒப்பரேசன் என்று சிங்களத்தில் விளக்கினேன். என் சிங்களம் நல்ல சிங்களம். சிப்பாய் சிரித்துவிட்டு நாயின் தலையைத் தடவி அனுப்பினான்.

கொழும்பு டொக்டர் ஒரு தமிழ்ப் பெண்பிள்ளை. எழுதும் பேனை மாதிரி ஒன்றைக் கண்ணில் தொட்டு அழுத்தம் பார்த்தார்.

"கடல் தண்ணி இல்லம்மா. கண்ணுக்குள்ளயே ஊறுற தண்ணி. வெளிய போற வழி அடைபட்டுட்டுது."

"அப்ப, இத கடல் செய்யல்லயா? நான் இளநீரால கழுவினனே?"

"இல்லம்மா. நீங்க கழுவினதாலயும் இல்ல."

சுனாமிக்குப் பிறகு கடல் பக்கம் முகம் திருப்பாதவள், அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள்.

நான் விடுவேனா? "வாவி கடலுக்குப் போற முகத்துவாரத்த மண் மூடி, வாவித் தண்ணி ஏறி, வயலெல்லாம் தாழுற மாதிரி. நீங்க லேசரால முகத்துவாரத்த வெட்டப்போறீங்க, அதானே?"

"இல்ல ஐயா. தண்ணி ஊறுற இடத்தக் கொஞ்சம் சுட்டு, ஊறுறதக் குறைக்கப்போறன்."

"மழையையே நிப்பாட்டுறீங்க எண்டு சொல்லுங்க!"

"தூறல் வேணும் ஐயா. இல்லாட்டிக் கண் சுருங்கிப்போகும்."

இடது கண்ணில் வலி மட்டும் போகும், வலது கண்ணின் பார்வைக்கு வாக்குத் தர முடியாது என்றார். மனைவி ஒன்றுதான் கேட்டாள்: "என்ட முகம் தெரியுமா அதுக்கு?"

லேசரால் இரண்டு கண்ணையும் சுட்டு அனுப்பினார்; வீக்கம் வற்றியபின் மறுபடி போனோம். டொக்டர் பேசாமல் ஒரு பஞ்சுத் துண்டை நாயின் இடது பக்கம் விழவிட்டார். பஞ்சு விழுந்தால் சத்தமில்லை. பார்வை இருந்தால்தான் தெரியும். அசைவில்லை. அது தெரிந்ததுதான். ஆனாலும் மனைவி என் கையைப் பிடித்தாள். ஆட்களுக்கு முன்னால் அவள் அப்படிப் பிடித்ததேயில்லை. பிறகு வலது பக்கம் விழவிட்டார். பஞ்சோடு சேர்ந்து நாயின் மூக்கும் கீழே இறங்கியது.

வீட்டுக்கு வந்தும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. காலையில் சொட்டு மருந்து விட்டதும், என் தலையணையில் ஒரு கிள்ளுப் பஞ்சு எடுத்துப் பறக்கவிடுவாள்.

"பஞ்சு பறக்குற பக்கம் கிறுகிப் பாக்குது! இஞ்ச வாங்க, கிறுகிப் பாக்குது!"

"உன்ட தலகாணியில எடுத்தா என்ன புள்ள?"

"உங்கட தலைக்குள்ளதான் நிறையக் கிடக்கு எண்டு சொல்லுவீங்களே. தலகாணி என்னத்துக்கு?"

தலையணை ரொட்டி மாதிரித் தட்டையான ஒரு பின்னேரம், "கல்லடிக்குக் கூட்டிப்போங்க" என்று அவளே கேட்டாள். தங்கை வீட்டு அத்திவாரத்தில், கடலுக்கு நேரே முகம் வைத்து இருந்தாள். "வா மனே" என்று பிள்ளையைப்போல் கூப்பிட்டதும் நாய் அவளுக்கு இடது பக்கம் வந்து குந்தியது, நல்ல கண் அவள் பக்கம் இருக்கும்படி. அது கடலைப் பார்க்கவில்லை. பொழுது சாயும்வரை அவள் முகத்தைத்தான் பார்த்தது. இரண்டு ஆலை வைத்தவன் நான், பக்கத்தில் நின்றேன். நாய் என்னை ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.