மஞ்சள் பாதையை நகர்த்தியவர்

ஏரியைச் சுற்றிப் போகும் பாதை முன்பெல்லாம் அவள் வீட்டு ஜன்னலை உரசிக்கொண்டுதான் போனது. ஜன்னலை ஒட்டிய கட்டிலில் அவள் புருஷன் படுத்திருப்பான். காட்டில் மரம் சாய்ந்து முதுகில் விழுந்ததிலிருந்து அவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. வெளிச்சம் வேண்டுமே என்று அவள்தான் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள். வந்தது வெளிச்சம் மட்டும் இல்லை. முதுகில் பையும் கையில் தடியுமாக நடக்க வருகிறவர்கள், போகிற போக்கில் உள்ளே ஒரு எட்டு எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். ஒருநாள் ஒரு மகராசன் படமே பிடித்துக்கொண்டான். அன்றைக்கு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியவன்தான், அவள் புருஷன் சாப்பாட்டைத் தொடவில்லை.

காட்டு வழிகளைப் பராமரிக்கிற பாதை அலுவலகத்தில் அவள் கூட்டிப் பெருக்குகிறவள். மறுநாள் சாமான் கொட்டகையில் அவளையும் மீறி வாயில் வந்துவிட்டது. "போறவங்க வர்றவங்க எல்லாம் எட்டிப் பாக்குறாங்க அண்ணே. மனுஷன் பட்டினி கிடக்குறாரு."

கேட்டுக்கொண்டிருந்தவர் பட்டைக்காரர். எந்த வழி எங்கே போகிறது என்று தெரிவதற்காக மரங்களிலும் பாறைகளிலும் கலர் கலராகப் பட்டை அடிப்பது அவர் வேலை. ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும்.

"ஜன்னலுக்குத் திரை போடேன்மா."

"போட்டா இருட்டா இருக்குன்னு சத்தம் போடுறாரு."

அவர் 'ம்' என்றார். அவ்வளவுதான்.

அந்த வாரம் முடிவதற்குள் ஜன்னல் பக்கம் ஆள் நடமாட்டமே நின்றுபோனது. என்ன ஏது என்று அவள் வெளியே போய்ப் பார்த்தாள். வீட்டை ஒட்டிய மரத்திலிருந்த மஞ்சள் பட்டை சுரண்டப்பட்டு, மேலே சேறு பூசியிருந்தது. கீழே, தண்ணீரோரமாக நிற்கிற மரங்களில் புதுப் பட்டைகள். சதசதவென்று கால் புதைகிற இடத்தில் பெரிய பெரிய கல்லாகத் தூக்கிப் போட்டிருந்தது. பாதையே ஒரு வளைவு வளைந்து அவள் வீட்டை விட்டு விலகிப் போயிருந்தது.

"ஏன் அண்ணே, வழி மாறிப்போச்சு?" என்று கேட்டதற்கு, "மேல மண்ணு சரியுது" என்றார். அங்கே மண்ணும் சரியவில்லை, மலையும் சரியவில்லை. அது அவளுக்கும் தெரியும்.

இப்படிப்பட்ட மனுஷருக்குத்தான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

பட்டைக்காரர் முதலில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர். நடக்க வருகிறவர்களின் பைகளைச் சுமந்துகொண்டு முன்னால் போவார். காடு அவருக்குக் கால் பழக்கம். அலுவலகம் திறந்தபோது, வழி தெரிந்த ஆள் என்று அவர் கையில் தூரிகையைக் கொடுத்தார்கள். ஏரியைச் சுற்றுவது மஞ்சள் பாதை. அருவிக்குப் போவது பச்சை. குழந்தை குட்டியோடு போகலாம். முகட்டுக்கு ஏறுவது சிவப்பு. நெஞ்சில் தெம்பும் காலில் பலமும் உள்ளவர்களுக்கு மட்டும். பட்டை அடித்துவிட்டு அதே வழியில் திரும்பி நடந்து வருவார். போகிறவனுக்குத் தெரிந்தால் போதுமா, வருகிறவனுக்கும் தெரிய வேண்டாமா என்பார். மனைவி போய்ச் சேர்ந்து பல காலம். ஒரே மகளை வெளியூரில் கட்டிக்கொடுத்திருந்தார். பீடி இல்லை, குடி இல்லை. ஒரு சோம்பேறித்தனம் மட்டும் உண்டு என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

காலையில் வேலைக்குக் கிளம்புமுன் அலமாரிக்கு முன்னால் வந்து நிற்பார். மேல் தட்டில் மூன்று டப்பாக்கள். முதலில் சிவப்பு, நடுவில் மஞ்சள், கடைசியில் பச்சை. வருஷக்கணக்காக வழிந்து வழிந்து எல்லா டப்பாவின் வெளிப்புறமும் ஒரே கோலத்தில் இருக்கும். மூடியைத் திறந்தால்தான் உள்ளே என்ன கலர் என்று தெரியும். முதல் டப்பாவைக் காட்டி, "சிவப்பு கட்டியாயிடுச்சான்னு பாரும்மா" என்பார்.

"ஏன், உங்களுக்குக் கை இல்லையா? மூடி திறக்க ஒரு ஆளு, பூச ஒரு ஆளா?"

"நீ திறந்தா ராசிம்மா. நான் திறந்தா மழை வருது."

அவளும் சிரித்துக்கொண்டே திறந்து பார்ப்பாள். "சிவப்பு சரியா இருக்கு அண்ணே. பச்சையும் சரியா இருக்கு. போய் வாங்க." அவர் தலையாட்டிவிட்டுப் போவார். நாள் தவறாமல் நடக்கும் இந்தக் கூத்துக்கு ஓர் அர்த்தம் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. ஒரு தடவை, கொடியில் கிடந்த அவளுடைய சிவப்புத் துண்டைக் காட்டி, "அந்தப் பச்சைத் துண்டைக் கொஞ்சம் எடு" என்றார். கிண்டல் செய்கிறார் என்று எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

மழைக்காலம் முடிந்து பட்டைகள் மங்கிப்போயிருந்த சமயம். மேலிடத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி பார்வையிட வருவதாகச் சொன்னார்கள். "பெயிண்ட் அலமாரியை மட்டும் நீ கலைக்காத, கொட்டிடும்" என்று அலுவலகத்து சார் முன்பே சொல்லி வைத்திருந்தார். அவளுக்கு மனசு கேட்கவில்லை. எல்லாம் பளபளவென்று இருக்க, அந்த அலமாரி மட்டும் அழுக்கு மூட்டையாக நிற்பதா? முதல் நாள் சாயங்காலம் டப்பாக்களை இறக்கி, தட்டைத் துடைத்து, கைக்கு வந்த வரிசையில் திருப்பி வைத்தாள். அதிகாரி வந்தார், பார்த்தார். "யாரு இவ்வளவு சுத்தமா வெச்சிருக்கிறது?" என்றார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஒரு வார்த்தையை வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் எத்தனை தடவை சொன்னாளோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

மறுநாள் காலையில் பட்டைக்காரர் வந்து நின்றபோது, அவள் அதிகாரி குடித்த கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"சிவப்பு கட்டியாயிடுச்சான்னு பாரும்மா."

"எல்லாம் சரியா இருக்கு அண்ணே." திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"திறந்து பாத்தியா?"

"பாத்துட்டேன், பாத்துட்டேன். போங்க."

அவர் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு போனார். சிவப்பும் பச்சையும் பிரிகிற இடத்தில் நின்று, இடப்பக்கம் முகட்டுப் பாதையில் 'சிவப்பு' அடித்தார். வலப்பக்கம் அருவிப் பாதையில் 'பச்சை' அடித்தார். மேட்டுக் காடு முடியுமட்டும் அடித்துவிட்டு, வழக்கம்போல அதே வழியில் திரும்பி நடந்து சரிபார்த்துவிட்டும் வந்தார். கோணல் இல்லாமல், ஒழுகல் இல்லாமல், அத்தனையும் அழகான பட்டைகள். அத்தனையும் மாறிப்போன பட்டைகள்.

அதற்கடுத்த நாள் ஒரு தம்பதி, வயதான அம்மாவைக் கூட்டிக்கொண்டு அருவி பார்க்கக் கிளம்பினார்கள். பச்சையைப் பிடித்துக்கொண்டே ஏறினார்கள். ஏற ஏற அருவிச் சத்தம் குறைகிறதே என்று அந்த அம்மா கேட்டிருக்கிறார். "பச்சைப் பட்டை இருக்கேம்மா, நீ பேசாம வா" என்றானாம் மகன். முகட்டுக்குக் கீழே பனி இறங்கி வழியை மூடிவிட்டது. அந்த அம்மா பாறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். பட்டைக்காரரும் இன்னும் சிலரும் போய்த் தூக்கி வந்தார்கள். இறங்குகிற வழியெல்லாம் அந்த அம்மா வலி தாங்காமல் கடவுளைக் கூப்பிட்டபடியே வந்தார்.

அலுவலக வாசலில் சார் குதித்தார். "சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாதாய்யா உனக்கு? குடிச்சிருந்தியா?"

பட்டைக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கேக்குறேன்ல? குடிச்சிருந்தியா?"

"ஆமாங்க" என்றார்.

கதவோரம் நின்ற அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குடியா? இவரா? உள்ளே ஓடிப்போய் அலமாரியைப் பார்த்தாள். முதல் டப்பாவின் மூடியைத் திறந்தாள். பச்சை. மூன்றாவதைத் திறந்தாள். சிவப்பு. அந்தத் துண்டும், தினசரி 'பாரும்மா'வும் வந்து நெஞ்சில் குத்தின. மனுஷருக்குக் கண் அந்த இரண்டு கலரைப் பிரித்துச் சொல்லவில்லை. இடத்தை வைத்துத்தான் எடுத்திருக்கிறார். இடம் மாறிவிடக் கூடாதே என்றுதான் தினமும் அவள் கண்ணைக் கடன் கேட்டிருக்கிறார்.

வாசல் ஐந்தெட்டு தூரம்கூட இல்லை. போய், "நான்தான் சார் மாத்தி வெச்சேன்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொன்னால் அவர் கண் விஷயம் வெளியே வந்து வேலை போய்விடுமே, அவருக்காகத்தான் வாயை மூடிக்கொள்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நல்ல சமாதானம்தான். ஆனால் அந்த நேரத்தில் அவள் கண்ணுக்கு முன்னால் வந்தது அவர் முகம் இல்லை. கட்டிலில் கிடக்கிற புருஷனும், வேலை போனால் காலியாகிவிடும் அடுப்பும்தான் வந்தன.

பட்டைக்காரரை வேலையை விட்டு எடுக்கவில்லை. ஏரிக்கரையில் குப்பை பொறுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். அது எடுப்பதைவிட மோசம். ஊரெல்லாம் வந்து போகிற இடம். படகுக்காரர்களுக்குப் பொழுது போகவில்லை என்றால் அவர்தான் கிடைத்தார்.

"அண்ணே, இன்னைக்குத் தண்ணி எந்தப் பக்கம்? ஏரியிலயா, பாட்டில்லயா?"

"பாத்துக் குனிங்க அண்ணே, கரை ஆடுதா நீங்க ஆடுறீங்களா?"

ஒருநாள் தேநீர்க்கடையில் ஒரு படகுக்காரன் அவரைப் போலவே தள்ளாடி நடந்து காட்டி, மரத்துக்குப் பட்டை அடிக்கிற மாதிரி கடைத் தூணைத் தடவினான். கடையே சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள். வேண்டுமென்று சிரிக்கவில்லை, கூட்டத்தோடு வந்துவிட்டது. திரும்பினால், குப்பைக் கூடையோடு பட்டைக்காரர் வாசலில் நிற்கிறார். அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். தான் எதையோ பார்க்கக் கூடாத நேரத்தில் பார்த்துவிட்டதுபோல, அவர்தான் கூச்சப்பட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து அவளால் நிம்மதியாகச் சாமி கும்பிட முடியவில்லை. கண்ணை மூடினால் அந்தக் கூடைதான் தெரிந்தது. "கடவுளே, அந்த மனுஷருக்கு ஒரு வழி விடு" என்று தினமும் கேட்டாள். கேட்டு முடித்ததும் வெட்கமாக இருக்கும். தான் செய்ய வேண்டியதைக் கடவுள் தலையில் கட்டிவிட்டு, பக்தி என்று பேர் வைத்தாகிவிட்டது.

ஒரு தடவை துணிந்து சாரின் அறைவரைக்கும் போனாள். தொண்டைவரைக்கும் வந்தது. சார் நிமிர்ந்து, "என்னம்மா?" என்றார்.

"துடைப்பம் தேஞ்சுபோச்சு சார்."

"அதுக்கா இவ்வளவு தயங்குற? புதுசு வாங்கிக்கோ" என்றார் அவர், பெருந்தன்மையாக. புதுத் துடைப்பம் வந்தது. அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன்னைத்தானே நாலு சாத்து சாத்திக்கொள்ளலாம்போல இருக்கும்.

அப்புறம் ஒருநாள், பட்டைக்காரர் மகள் வீட்டுக்கே போய்விடப் போவதாகச் செய்தி வந்தது. அவள் பெருக்கிக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு பஸ் நிலையத்துக்கு ஓடினாள். ஒரு தகரப் பெட்டியும் ஒரு துணிப் பையுமாக அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வழியனுப்ப ஒரு ஆள் இல்லை.

"வாம்மா. வீட்டுக்காரர் எப்படி இருக்காரு?"

"இருக்காரு. அண்ணே..." அவளுக்கு மூச்சு வாங்கியது. "அந்த டப்பாவை மாத்தி வெச்சது நான்தான். அன்னைக்கு நீங்க கேட்டப்போ திறந்தும் பாக்கலை. பாத்துட்டேன்னு பொய் சொன்னேன்."

அவர் சட்டென்று சுற்றுமுற்றும் பார்த்தார். யார் காதிலாவது விழுந்துவிட்டதோ என்று அவருக்குத்தான் பயம். பக்கத்தில் ஒருத்தரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் தோள் இறங்கியது. அதுவரைக்கும் அவள் தன் வெட்கத்தை மட்டும்தான் பெரிதாக நினைத்திருந்தாள்.

"இப்பவே போய் சார்கிட்ட சொல்லிடுறேன் அண்ணே. என் வேலை போனா போகட்டும்."

"சொல்லி? 'உனக்குக் கண்ணு எங்க போச்சு'ன்னு அவர் என்னைக் கேக்க மாட்டாரா?" குரலை இன்னும் தாழ்த்தினார். "குடிகாரன்னு சொன்னா, ஒருநாள் குடிச்சான், ஒருநாள் தப்பா அடிச்சான்னு போயிடும். கண்ணு தெரியாதவன்னு ஆச்சுன்னா, நான் இத்தனை வருஷமா அடிச்ச ஒரு பட்டையையும் ஒருத்தனும் நம்ப மாட்டான். வேணாம்மா."

"என்னை நாலு வார்த்தை திட்டவாவது செய்யுங்க."

அவர் திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. துணிப் பையின் வாயைச் சுருக்கி, அவிழ்த்து, மறுபடி சுருக்கிக் கட்டினார். தேநீர்க்கடை வாசலை அவரும் மறக்கவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. அழுகையை அடக்கிக்கொண்டு பெட்டியைத் தூக்கப் போனாள். "வேணாம், நானே தூக்கிப்பேன்" என்றார். சுமந்து பழகிய மனுஷர். ஆனாலும் அந்த 'வேணாம்' அவளைச் சுட்டது.

பஸ் வந்து நின்றது. அவர் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தார். அவள் கீழே நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். வண்டி உறுமிக் கிளம்பும்போதுதான் அவர் தலையை வெளியே நீட்டினார்.

"உன் வீட்டுக்குக் கீழ, தண்ணியோரமா இருக்கிற மரத்துல பட்டை மங்கிக் கிடக்கு. மழைக்கு முன்னாடி நீயே ஒரு பூச்சு பூசிடும்மா. இல்லேன்னா மறுபடியும் வழி தவறி உன் ஜன்னலுக்கே வந்துடுவாங்க. மஞ்சள்தான். மஞ்சள் எனக்கே தெரியும்."