மேஸ்திரியின் ஊரில் கரையான்

தெருவில் அவளை ரத்தக்காரம்மா என்பார்கள். பயந்துவிட வேண்டாம். ஆய்வகத்தில் ரத்தம் எடுத்துச் சோதித்துச் சொல்கிற வேலை, இருபத்திரண்டு வருஷமாக. ஊசி போடுவதே தெரியாது என்று குழந்தைகளின் பெற்றோர் புகழ்வார்கள். குழந்தைகள் வேறு மாதிரி சொல்லும்.

அவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதில் சம்பளமும் கிடையாது, லீவும் கிடையாது. வீடியோ கேமில் கட்டை மேல் கட்டையாக அடுக்கி வீடு, பாலம், ஊர் என்று கட்டுகிறார்களே, அந்த உலகத்தை மேலேயிருந்து மேப்பாகக் காட்டும் வியூவர் ஒன்றை அவள் பராமரிக்கிறாள். ஓபன் சோர்ஸ். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எழுதியிருப்பதைப் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், திட்டலாம். கடைசியாகச் சொன்னதைத்தான் நிறையப் பேர் செய்கிறார்கள். ஆரம்பித்து வைத்த மனிதர் கல்யாணமானதும் காணாமல் போனார். சின்னப் பிழை ஒன்றைத் திருத்தப் போனவள் தலையில் மொத்தமும் விழுந்து ஒன்பது வருஷமாகிறது.

"இதுல உனக்கு என்னதான் கிடைக்குது?" என்பார் கணவர். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர்.

"நேத்து ஒருத்தர் நன்றி சொன்னாருங்க."

"போன வருஷம் சொன்னாரே, அவரா?"

"இல்ல, இது வேற ஆளு."

வியூவரின் முகப்புப் பக்கத்தில் முதல் வரி அவள் எழுதியது: 'இது பார்க்கும், தொடாது.' உலகத்தைத் திருத்தவும் ஒரு வசதி வேண்டும் என்று கேட்டு எத்தனையோ பேர் வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான்: எக்ஸ்ரே எடுக்கிறவர் எலும்பைத் தொடமாட்டார்.

ஆய்வகத்தில் காலையில் மெஷினைப் போட்டதும் நோயாளியின் ரத்தத்தை வைத்துவிட மாட்டார்கள். கோளாறு உள்ளது என்று முன்பே தெரிந்த மாதிரி ஒன்றை வைத்து, மெஷின் அதைக் கண்டுபிடிக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்தப் பழக்கத்தை அவள் வீட்டுக்கும் கொண்டுவந்தாள். நல்ல உலகம் ஒன்றை நகல் எடுத்து, அந்த நகலில் அங்கங்கே ஓட்டை போட ஒரு குட்டி புரோகிராம் எழுதினாள். அதற்குக் கரையான் என்று பெயர். ஓட்டை உலகத்தைத் திறக்கும்போது வியூவர் மயங்கி விழாமல், ஓட்டையைச் சாம்பல் கட்டமாகக் காட்டினால் பாஸ்.

நல்ல உலகம் நாத்தனாருடையது. கணவரின் அக்கா, அடுத்த தெருவில் தையல் கடை. மதியம் கடையைச் சாத்திவிட்டு வந்து இரண்டு மணி நேரம் இவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஊர் கட்டுவாள். ஆறு வருஷத்து ஊர். நாற்பத்தொரு வீடு, மணிக்கூண்டு, துறைமுகம், பூமிக்கடியில் ஒரு துணிக் கிடங்கு. ஒரு ஜன்னல் கூட வரிசை விலகாது. வியூவரில் கூட வேலை செய்யும் முகம் தெரியாத ஆட்கள் அவளுக்கு வைத்த பெயர் மேஸ்திரி. மேஸ்திரியின் ஊர் ஒழுங்காகத் தெரிந்தால் எல்லா ஊரும் தெரியும் என்பது அவர்கள் கணக்கு.

அந்தச் சனிக்கிழமை கேமின் புது வடிவம் வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. மேப் வெள்ளையாகத் தெரிகிறது என்று நாலாபக்கமும் கூச்சல். மறுநாளே வியூவரைச் சரிசெய்து வெளியிட வேண்டும். காலையிலிருந்து சோதனையைத் திரும்பத் திரும்ப ஓட்டினாள். ஒவ்வொரு தடவையும் அந்தப் பெரிய ஊரை நகல் எடுக்கவே பத்து நிமிஷம் போனது. நேரம் மிச்சமாகட்டும் என்று நகல் எடுக்கும் வரியை மட்டும் அணைத்து வைத்தாள். 'இந்த ஒரு தடவைதான்' என்று நினைத்துக்கொண்டாள்.

நகல் இல்லையென்றால் கரையான் பட்டினி கிடக்குமா? இருந்த அசலையே தின்றது. சோதனை அத்தனையும் பாஸ். அவள் துள்ளிக் குதித்துக் காபி போடப் போனாள். பன்னிரண்டு மணிக்குத் தானாக ஓடும் பேக்கப், அரித்துப்போன ஊரைப் பொறுப்பாக எடுத்து நல்ல ஊரின் மேலேயே எழுதி வைத்தது. லேபிளைப் பார்க்காமல் குழாயை மெஷினில் வைக்கிறவர்களை ஆய்வகத்தில் வறுத்தெடுக்கிறவளும் இவள்தான்.

இரண்டு மணிக்கு நாத்தனார் வந்து உட்கார்ந்தாள்.

"ஏம்மா, என் மணிக்கூண்டு எங்க?"

"அங்கதான் இருக்கும், நல்லா பாருங்கக்கா."

"மணிக்கூண்டு என்ன குண்டூசியா, தேடி எடுக்கறதுக்கு? துறைமுகத்துல பாதியக் காணோம். இங்க பாரு, கத்திரியால வெட்டின மாதிரி இருக்கு."

அவள் எட்டிப் பார்த்தாள். கத்திரி இல்லை. சதுரம் சதுரமாக, ஓரம் பிசிறில்லாத ஓட்டைகள். அந்தப் பல்தடம் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"கேம் புதுசா மாறிச்சில்லக்கா..." என்று நாக்கு தானாகவே ஆரம்பித்துவிட்டது. யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். உலகமே அந்தக் கம்பெனியைத்தான் திட்டிக்கொண்டிருந்தது.

"அவன் வேலையா இது? இரு, கேக்கற விதமா எழுதிக் கேக்கறேன். ஆறு வருஷம்டா அது!" நாத்தனார் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"எழுதாதீங்கக்கா. அவன் இல்ல, நான்தான்."

கரையான் கதை முழுவதையும் சொல்லி முடித்தாள். நாத்தனார் மவுஸைத் தள்ளி வைத்தாள்.

"அப்போ வீட்டுலயே கரையான் வளத்திருக்க."

"டெஸ்ட்டுக்காகக்கா."

"பாஸா, ஃபெயிலா?"

"பாஸ்."

"நல்லவேளை. ஊரு போனாலும் மார்க் வந்துச்சு."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கென்று வைத்த காபி அப்படியே இருந்தது. அந்த வீட்டில் அவள் காபியை வைத்துவிட்டுப் போனது அதுவரை நடந்ததில்லை.

மணிக்கூண்டு, கிடங்கு, பாதித் துறைமுகம், அவற்றோடு பதினேழு வீடும் போயிருந்தன. அவளுக்கு ஞாபகம் வந்தது நாத்தனாரின் பழைய நச்சரிப்பு. "மேலேருந்து பாத்தா வெறும் கூரைதான் தெரியுது. உள்ள நான் போட்ட அலமாரிய யாரு பாப்பா?" என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் தினமும் குடைந்தாள். தாங்க முடியாமல்தான் இவள், ஊரைக் கேக் வெட்டுகிற மாதிரி அடுக்கடுக்காக வெட்டிக் காட்டும் வசதியைப் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். அதைச் சோதிக்க, ஒவ்வொரு அடுக்குக்கும் வியூவர் வரைந்த படத்தையே சரியான படமென்று அவ்வப்போது புதுப்பித்து, புரோகிராமோடு சேர்த்து இணையத்தில் வைத்திருந்தாள். கரையானுக்கு இணையம் எட்டாது.

வெளியிட ஒரு வாரம் தாமதமாகும் என்று அறிவித்துவிட்டு, படங்களை அச்செடுத்து, ஞாயிறு காலை தையல் கடைக்குப் போனாள். நாத்தனார் ஒரு காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. இவள் தாள்களை வெட்டுமேஜையில் பரப்பினாள். தரை ஒரு தாள், சுவர் ஒரு தாள், மாடி ஒரு தாள்.

இஸ்திரிப் பெட்டி நின்றது.

"இது சட்டைக்கு வெட்டின துண்டு மாதிரில்ல இருக்கு," என்றாள் நாத்தனார். ஒரு தாளை இன்னொன்றின் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். "தெச்சிடலாம். ஆனா நான் கட்டுவேன், நீ கல்லு தூக்கணும்."

ஒன்பது வருஷமாக மேப் போடுகிறவள் அந்தக் கேமில் ஒரு கல்லைக்கூட வைத்ததில்லை. மதியம் வீட்டுக் கம்ப்யூட்டரில் நாத்தனார் உட்கார, இவள் பக்கத்தில் கணவரின் லேப்டாப்பில் அதே ஊருக்குள் நுழைந்தாள். கல் எடுக்கப் போய்க் குழியில் விழுந்தாள். குழியிலிருந்து ஏறிக் கடலில் விழுந்தாள். கடைசியில் திரும்பி வரத் தெரியாமல் ஒரு மலை மேல் நின்றாள்.

"எங்க இருக்க?"

"தெரியலக்கா."

"மேப்புக்காரிக்கே வழி தெரியல, நல்லாருக்கு!" மேஸ்திரி வந்து கூட்டிப்போனாள். அன்றைக்குக் காபி காலியானது.

மூன்றாவது வீட்டில் மேஸ்திரி கட்டுவதை நிறுத்தினாள். "இந்தப் படம் தப்பு."

"தப்பா இருக்காதுக்கா. இதை வச்சுத்தான் ரெண்டு வருஷமா டெஸ்ட்டே பண்றேன்."

"படத்துல படி வாசலப் பாத்து ஏறுது. இப்படிக் கட்டினா மேல போறவன் சுவத்துல முட்டிக்கிட்டு நிப்பான். நான் வெச்ச படி எனக்குத் தெரியாதா?"

கரையான் தொடாத வீடு ஒன்றுக்குள் போய்ப் பார்த்தார்கள். படி உள்ளே பார்த்துத்தான் ஏறியது. அடுத்த வீட்டிலும் அப்படியே. வியூவர் இரண்டு வருஷமாக எல்லோருடைய படிகளையும் திருப்பித் திருப்பி வரைந்திருக்கிறது. ஒத்துப் பார்ப்பதற்கென்று வைத்த படத்திலேயே தப்பு. அதனால் சோதனையும் தவறாமல் பாஸ் ஆகியிருக்கிறது.

மேஸ்திரி அன்றைக்கே வியூவரின் பக்கத்தில் வாழ்க்கையின் முதல் புகாரை எழுதினாள். தலைப்பு: 'படி முட்டுது.' கீழே, முகப்பில் ஒரு எச்சரிக்கை சேர்க்கவேண்டும் என்று கோரிக்கையும் இருந்தது. அதை மேப்புக்காரி அப்படியே நிறைவேற்றினாள். முகப்பில் இப்போது இரண்டு வரிகள் இருக்கின்றன: 'இது பார்க்கும், தொடாது. எழுதுகிறவள் தொடுவாள், உங்கள் உலகத்தை வேறெங்காவது நகல் எடுத்து வைத்துக்கொள்ளவும்.'

அடுத்த ஞாயிறு வியூவர் வெளியானது. படிகள் எல்லாம் ஒழுங்காக ஏறின.

"அக்கா நன்றி சொன்னாங்களா?" என்றார் கணவர்.

"இன்னும் பதினாலு வீடு பாக்கின்னு சொன்னாங்க," என்று சொல்லிவிட்டு, அவள் கல் தூக்கப் போனாள்.