வாத்தியார் கையைக் கட்டினார்

அறுபதுகளின் நடுவில், செஞ்சி கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் சேர்ந்தேன். மூன்று வருடத்தில் அது எனக்கு ஐந்தாவது பள்ளி. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன்; ஓட்டல் சமையல்காரர். சாம்பார் நன்றாக வைப்பார். முதலாளியோடு சண்டை அதைவிட நன்றாக வைப்பார். எந்த ஊரிலும் வகுத்தல் கணக்கு ஆரம்பிப்பதற்குள் எங்கள் மூட்டை பஸ் மேலே ஏறிவிடும். கூட்டல், பெருக்கலில் நான் புலி. வகுத்தலின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

முதலாளியிடம் காட்டியது போக மிச்சக் கோபத்தை நைனா என்மேல் காட்டுவார், கரண்டியால். அதனால் எதிரே யார் கையைத் தூக்கினாலும் என் கைகள் தலைக்குக் குடை பிடித்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்த வளையல் கடைக்காரர் மகள், தண்ணீர் குடிக்கப் போக அனுமதி கேட்டுக் கை தூக்கினாள். அதற்கும் குனிந்தேன். வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

வெள்ளிக்கிழமைக்குள் வகுத்தல் வராவிட்டால் மூன்றாம் வகுப்புக்கு இறக்கிவிடுவேன் என்று வாத்தியார் சொல்லிவிட்டார். மூன்றாம் வகுப்பில் என் தம்பி இருந்தான். அவனைப் பார்த்துக் காப்பியடிக்கும் நிலைமை வரக்கூடாதே என்று தூக்கம் போனது.

சாப்பாட்டு மணியில் அந்தப் பெண் உடைந்த வளையல் துண்டுகளைக் கொட்டி, பங்கு பிரித்துக் காட்டினாள். இரண்டு நாளில் பிடிபட்டது.

வெள்ளிக்கிழமை. சாக்பீஸோடு கரும்பலகை முன் நின்று, எண்பத்து நான்கை ஆறால் வகுக்க வேண்டும். எண்ணைக் காட்ட வாத்தியார் கையை உயர்த்தினார். நான் குனிந்தேன். சாக்பீஸ் விழுந்தது, கூடவே வகுத்தலும் விழுந்தது. பையை எடுத்துக்கொண்டு மூன்றாம் வகுப்புக்குக் கிளம்பச் சொன்னார்.

அவள் எழுந்தாள். "அவனுக்குக் கணக்கு வருது சார். நீங்க கையத் தூக்குனா மறந்துபூடுது. கொஞ்சம் கையக் கட்டிக்கினு நில்லுங்க சார்."

கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எங்கள் வேலை. அதை வாத்தியாரிடமே சொன்னவள் செத்தாள் என்று நினைத்தேன். அவர் அவளைப் பார்த்தார். இன்னும் என் தலைமேலேயே இருந்த கைகளைப் பார்த்தார். பிரம்பை மேசையில் வைத்தார். கையைக் கட்டிக்கொண்டு, "போடு" என்றார்.

பதினான்கு வந்தது.

நைனா அடியை நிறுத்தவில்லை. பொங்கலுக்கு முன்பே ஆரணிக்குப் போய்விட்டோம். எனக்குப் படிப்பு ஏறாது என்று பிற்பாடு பல ஊர்களில் பலர் சொன்னார்கள். நானும் தலையாட்டிச் சிரித்தேன். ஆனால், அது பொய்யென்று எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.